வந்த வருஷத்து எடை என்ன?

அமெரிக்காவில் உணவு ஆலோசனைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது, "இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது?" என்றுதான். என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

2000ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார நேர்காணல் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. குடியேறி ஓராண்டு ஆகாதவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். குறைந்தது 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடமோ அது 19. ஒரே ஆட்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து எடுத்த கணக்கு இல்லை இது. ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் கதையோடு அப்படியே பொருந்துகிறது.

"எல்லாம் பரம்பரை உடம்புங்க" என்பார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் 1965இல் தொடங்கிய ஓர் ஆய்வு ஜப்பானிய ஆண்களை மூன்று இடங்களில் ஒப்பிட்டது: ஜப்பானின் ஹிரோஷிமா-நாகசாகி பகுதி, ஹவாய், கலிஃபோர்னியா. ஜப்பானிலேயே இருந்தவர்கள்தான் மெலிந்திருந்தார்கள். இதயநோய் அங்கே குறைவு, ஹவாயில் கூடுதல், கலிஃபோர்னியாவில் இன்னும் கூடுதல். ஒரே வம்சத்தார், வாழ்ந்த ஊர்தான் வேறு.

புதிதாக வருகிறவர்கள் மெலிந்திருக்க ஒரு காரணம், நாடு விட்டு நாடு போகத் துணிகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், திடமானவர்கள். இங்கே வந்த பிறகு கடைக்குப் போகவும் கார் வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை வீட்டுச் சமையலை யாரும் விடுவதில்லை. சோறும் குழம்பும் அப்படியே இருக்க, சோடா, சிப்ஸ், வேலை முடிந்து வரும் வழியில் வாங்கும் பர்கர் எல்லாம் அதற்கு மேல் சேர்கின்றன. இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரமும் குலைந்துபோகிறது.

நம்மவர்களை நினைத்தால் எனக்குக் கூடுதல் கவலை. "பக்கத்து வீட்டு அமெரிக்கரைவிட நான் ஒல்லிதானே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு நமக்குப் பொருந்தாது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வருகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015 முதல், ஆசிய வம்சாவளியினருக்குப் பரிசோதனையை யோசிக்க வேண்டிய பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) அளவை 25இலிருந்து 23ஆகக் குறைத்திருக்கிறது. இடுப்பையும் அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே டாக்டரிடம் பேச வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, குடியேறிய சமயத்தில் எடுத்த பழைய மருத்துவ அறிக்கை ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இன்றைய எடையை அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.