ஒத்தோர் மதிப்பீடு: சொல்லும் பொருளும்

வேதியியல் ஆய்வகச் செயல்திட்டத்தை ஒரு மாணவர் குழு வகுப்பின் முன் எடுத்துரைக்கும்போது, ஆசிரியரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற மாணவர்களும் ஆளுக்கொரு தாளில் மதிப்பெண்ணும் கருத்தும் எழுதித் தருவதுண்டு. 'பியர் எவால்யுவேஷன்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இந்த முறைக்குத் தமிழில் சக மாணவர் மதிப்பீடு, சகா மதிப்பீடு, இணை மதிப்பீடு, ஒப்பார் மதிப்பீடு என்று பல பெயர்கள் உலவுகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகிறோமே தவிர, இவை ஒரே பொருளைச் சொல்பவை அல்ல.

'பியர்' என்பதன் வேர் இலத்தீன் மொழியின் 'பார்'. அதற்குச் சமம், நிகர் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. சோடியைக் குறிக்கும் 'பேர்', ஒப்பிடுதலைக் குறிக்கும் 'கம்பேர்' ஆகியவையும் இந்த வேரில் கிளைத்தவையே. இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்கு ஒத்தவர்களின் தீர்ப்பாலோ நாட்டின் சட்டத்தாலோ அன்றிச் சிறைப்படுத்தலாகாது என்று சொன்னபோது, 'ஒத்தவர்' என்ற இடத்தில் நின்றது இந்த இலத்தீன் சொல்தான். இதே வேரிலிருந்து வந்த மற்றொரு சொல் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த 'அம்பயர்'. 'ஒத்தவர் அல்லாதவர்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் 'நம்பயர்' போல ஒலித்து, முதலெழுத்தை முன்னிருந்த சொல்லுக்குப் பறிகொடுத்து, இன்றைய வடிவத்தை அடைந்தது. ஆட்டக்காரருக்கு ஒப்பாக இல்லாமல் வெளியே நிற்பவரே அம்பயர். அவ்வகையில், வகுப்பில் ஆசிரியர் அம்பயர், மாணவர்கள் பியர்.

'எவால்யுவேஷன்' என்ற பின்பாதிக்கு வேர், வலிமையாக இருத்தல், மதிப்புடையதாக இருத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. வேதியியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே சந்திக்கும் 'வேலன்சி', அதாவது இணைதிறன், அதற்கு உடன்பிறப்பு. தமிழில் இந்தப் பாதியைப் பற்றிப் பெரிய வழக்கு இல்லை. மதிப்பு என்பதோடு இடு என்னும் வினை சேர்ந்து மதிப்பிடு ஆகி, இடு என்பதன் முதல் நீண்டு மதிப்பீடு ஆயிற்று. ஒப்பீடு, குறியீடு, வெளியீடு எல்லாம் இந்த அச்சில் வார்த்தவையே.

சிக்கல் முன்பாதியில்தான். 'சக' என்பது உடன், கூட என்னும் பொருளுடைய வடசொல். சக மாணவர் என்றால் கூட இருக்கும் மாணவர். சமம் என்ற கருத்து அதில் உய்த்துணரப்படுகிறதே ஒழியச் சொல்லப்படவில்லை. 'சகா' வேறு சொல். அதற்கு நண்பன் என்று பொருள். நண்பனுக்கு நண்பன் மதிப்பெண் போடுவதுதான் இந்த முறையில் எல்லோரும் அஞ்சும் குறை என்பதால், சகா மதிப்பீடு என்ற பெயர் நோயையே மருந்துக்குப் பெயராக வைத்தது போலாகிறது. 'இணை' என்பதிலும் குழப்பம் உண்டு. இணைப் பேராசிரியர் என்னும்போது அது பதவியில் ஒரு படியைக் காட்டுகிறது. இணையர் என்னும்போது வாழ்க்கைத் துணையைக் காட்டுகிறது. இணை மதிப்பீடு என்றால் முதன்மை மதிப்பீட்டுக்கு அருகே நடக்கும் இன்னொன்று என்றே படிப்பவர் கொள்வார். 'ஒப்பார்' வேரில் சரியானதுதான். ஆனால் 'ஒப்புக்கொள்ள மாட்டார்' என்ற பொருளும் அதற்கு உண்டு. குறைந்த மதிப்பெண் பெற்ற குழுவின் முகத்தைப் பார்த்தால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது என்றாலும், கலைச்சொல்லுக்கு இரண்டு பொருள் ஆகாது.

சமமானவரைக் குறிக்கப் பழைய இலக்கணத்திலேயே தெளிவான சொல் இருக்கிறது. ஈ, தா, கொடு என்னும் மூன்று இரத்தற் சொற்களை, அதாவது ஒன்றைக் கேட்டுப் பெறும் சொற்களைப், பிரிக்கும் தொல்காப்பியம், ஈ என்பது இழிந்தோன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என்று வகுத்து, இடையில் "தா என் கிளவி ஒப்போன் கூற்றே" என்கிறது. இந்த ஒப்போன்தான் பியர். உடன் படித்தவரைப் பற்றியோ நன்னூல் இன்னும் நெருக்கமான செய்தியைத் தருகிறது. நூலாசிரியன் தன் நூலைத் தானே புகழ்தல் தகாது என்பதால், பாயிரம், அதாவது நூலின் முன்னுரை, சொல்லத் தக்கவர்களை அது வரிசைப்படுத்துகிறது: தன் ஆசிரியன், தன்னொடு கற்றோன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரை அவரோடு ஒருங்கே பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்றே மரபு சொல்கிறது. பாயிரம் மதிப்பெண் போடுவதில்லை, உண்மை. ஆனால் படைப்பாளியின் தகுதியைச் சொல்லும் உரிமை உடன் கற்றவனுக்கு உண்டு என்ற எண்ணம் அங்கே ஐயமின்றி நிற்கிறது.

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை ஆய்வகத்திலேயே பார்க்கலாம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் அளவைத் தரம்பார்த்துக் கண்ட ஒரு குழு, பியூரெட் என்னும் அளவுக் குழாயின் அளவீடு 12.347 மி.லி. என்று திரையில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பியூரெட்டில் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கும், கண்ணளவில் அதற்கடுத்த ஓர் இலக்கம் வரை ஊகிக்கலாம், புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் கணிப்பானிலிருந்து வந்ததே தவிரக் குழாயிலிருந்து வந்ததன்று. முந்தைய வாரம் அதே பியூரெட்டின் முன் கண்ணைச் சுருக்கி நின்ற மாணவிக்கு இது உடனே உறைக்கும். அமிலத்தைத் தரம்பார்க்கப் பயன்படும் சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அதன் செறிவை ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு சரிபார்த்தீர்களா என்று கேட்கவும் அவளுக்குத் தோன்றும். 'எடுத்துரைப்பு நன்றாக இருந்தது' என்று எழுதுவதற்கு உடன் இருந்தால் போதும். இந்தக் கேள்விகளை எழுப்ப ஒத்த நிலையில் நின்று அதே வேலையைச் செய்திருக்க வேண்டும். ஆகவே 'சக' என்பதைவிட 'ஒத்தோர்' என்பதே இந்த முறையின் உயிர்நாடியைத் தொடுகிறது என்பது என் துணிபு.

ஒத்தோரின் கணிப்பு ஆசிரியரின் கணிப்போடு எவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்விக்கு, ஃபால்ச்சிகோவ், கோல்ட்ஃபிஞ்ச் ஆகிய இருவரும் 48 ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை 0.69 என்ற சராசரி ஒட்டுறவைக் காட்டியது (முழுப் பொருத்தம் என்றால் 1). பல கூறுகளுக்குத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்வதைவிட, மாணவர்கள் நன்கு புரிந்துகொண்ட அளவுகோல்களை வைத்து மொத்தமாக மதிப்பிடச் சொல்லும்போது பொருத்தம் கூடுகிறது என்பதும் அதன் முடிவு. பதினைந்து கட்டங்கள் கொண்ட தாளை நீட்டுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆய்விதழ்களில் கட்டுரை வெளியாகுமுன் துறை வல்லுநர் படித்துச் சொல்வதை மதிப்பாய்வு என்று பிரித்து வழங்குவது நல்ல பழக்கம். அங்கே ஏற்பா மறுப்பா என்பதே கேள்வி, மதிப்பெண் அன்று. அதுபோல, கேட்போர் ஒரு குழுவின் எடுத்துரைப்பை மதிப்பிடுவதும், ஒரே குழுவினர் தங்களுக்குள் யார் எவ்வளவு உழைத்தார் என்று மதிப்பிடுவதும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் போகின்றன. பின்னதைக் குழுவக மதிப்பீடு என்று தனியே சொன்னால் தாள்கள் மாறிப்போகாது.

மருத்துவர், ஆசிரியர் என்று எத்தொழிலாருக்கும் பொருந்தும் பொதுப்பெயராக ஒத்தோர் மதிப்பீடு என்பதையும், வகுப்பறைக்கு மட்டும் உரிய சிறப்புப்பெயராக உடன்கற்போர் மதிப்பீடு என்பதையும் கொள்ளலாம். இலங்கைத் தமிழில் வழங்கும் சகபாடி என்ற சொல்லும் உடன் படிப்பவர் என்றே பொருள்படுவதால், அங்கே சகபாடி மதிப்பீடு என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒத்தோர் மதிப்பீடு என்று எழுதும்போது இடையில் ஒற்று மிகாது. அடுத்து வரும் சொல்லோடு சேரும்போது மட்டும் மதிப்பீட்டுத் தாள், மதிப்பீட்டுக் குறிப்பு என்று மிகும்.