தீசிஸ் முடியட்டும் என்று கதையைத் தள்ளிப்போடாதீர்கள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்டி கைடாக இருக்கிறேன். சேரும்போது கதை, கவிதை என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் கோர்ஸ் வொர்க் (தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் "தீசிஸ் முடியட்டுங்க சார், அப்புறம் எழுதிக்கலாம்" என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. அத்தனை வருசம் சும்மா கிடந்த கை வைவா என்ற கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் எழுதிவிடுமா என்ன?

ஆராய்ச்சியும் எழுத்தும் ஒரே ஆளால் முடியும். திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகன், கொங்கு நாவலாசிரியர் ஆர். சண்முகசுந்தரத்தின் எழுத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். நாவலும் எழுதினார், கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தொகுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதலாம் என்ற திட்டம் நம்ம ஊரில் செல்லாது, ஒரு கல்யாணமோ சீரோ கெடாவெட்டோ வந்து நிற்கும். காலையில் மெயிலையும் டேட்டாவையும் திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் போதும். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) நெருங்கும் மாதங்களில் நாலு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நாலு வரியை விடாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்களைப் பேட்டி எடுக்கப் போகிற ஸ்காலருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறுகதை கிடைக்கும். கை துறுதுறுக்கும். ஆனால் தறிக்காரர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது ஆய்வுக்குத்தான், கதைக்கு இல்லை. பேரை மாற்றினால் போச்சு என்று நினைக்கிறார்கள். பத்துத் தறி வைத்திருப்பவர், மூத்த மகனோடு பேச்சில்லை, இடது கையில் ஒரு விரல் இல்லை என்று எழுதிவிட்டால் அந்த ஊர் டீக்கடையில் இருப்பவர்களுக்குப் பேர் எதற்கு? பாவு (தறியில் ஏற்றும் நூல்) கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிற வியாபாரியைப் பற்றி அவர் உங்களை நம்பிச் சொன்னது, கூலி உயர்வுப் பேச்சு நடக்கிற சமயத்தில் அச்சில் வந்தால் அவருக்குப் பாவு வருவதே நின்றுபோகலாம்.

அதனால் நோட்டு இரண்டாக இருக்கட்டும். பேட்டியில் அவர் சொன்னதெல்லாம் ஆய்வு நோட்டுக்கு. தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய குரல், கரண்ட் போனதும் தெருவே சட்டென்று அடங்குவது, பஸ் ஸ்டாப்பில் உங்களுக்கு வந்த எரிச்சல், இதெல்லாம் நீங்கள் பார்த்தது, பட்டது. கதை நோட்டில் தாராளமாக எழுதலாம். அவர் வாழ்க்கையையே கதையாக்கத் தோன்றினால் திரும்பப் போய்த் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்காலர் கதை எழுதுகிறார் என்றாலே சில கைடுகளுக்குப் பிடிக்காது, தீசிஸ் தள்ளிப்போகுமோ என்ற அவர்கள் பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அவர்களோடு இலக்கியச் சண்டை போட வேண்டாம். அடுத்த டிசி (ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்குக்குச் சொன்ன தேதியில் அத்தியாயத்தைக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.