‘மில்லியன் டாலர் பையன்’ என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்கினால், வரிக் கணக்குப் பார்க்கும் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பதற்றத்தோடு வருவார்கள், மீதிப் பேர் ரீஃபண்ட் கனவோடு வருவார்கள். இந்த முறை கனவோடு வந்தது ஒரு அம்மா, அவருடைய தம்பி, இருவருக்கும் நடுவில் ஆறரை அடி உயரத்தில் ஒரு பிள்ளை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டு கூடைப்பந்து ஆடிவிட்டு, சென்ற ஆண்டு, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டுக்கு (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பெயர் கொடுத்துப் படிப்பை விட்டவன். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மாமாதான் பேசினார். “எவ்வளவு திரும்ப வரும்?”

காகிதங்களை மேசையில் பரப்பினேன். என்.பி.ஏ. அணி கொடுத்த டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் ஒன்று. பயிற்சி முகாமில் இருந்த சில வாரங்களுக்கு உரியது, தொகை சொற்பம். என்.பி.ஏ.வுக்கு அடுத்த கீழ்நிலை லீக்கான ஜி லீக்கின் அணி கொடுத்தது இன்னொன்று, நவம்பர், டிசம்பர் சம்பளம். அப்புறம் இரண்டு 1099 படிவங்கள் (சம்பளமல்லாத வருமானத்துக்கு உரியவை), கல்லூரியில் இருந்த கடைசி ஆறு மாதத்தில் விளம்பரம், பெயர், முகத்துக்காகக் கிடைத்த பணம். இந்த 1099 இரண்டையும் கூட்டினால் 1,80,000 டாலர். அதில் ஒரு சல்லிக்காசுகூட வரியாகப் பிடிக்கப்படவில்லை. முன்கூட்டிக் கட்டவேண்டிய காலாண்டு வரியும் கட்டவில்லை. கணக்குப் போட்டதும் கட்டவேண்டிய வரி ஐம்பதாயிரம் டாலரைத் தொட்டது, அபராத வட்டி தனி. வங்கியில் அவ்வளவு இல்லை. கார் இருக்கிறது, அதுவும் தவணையில்.

அந்த அம்மா அழவில்லை. “ஆனால் இவன் என்.பி.ஏ. கான்ட்ராக்ட் போட்டானே” என்றார். கோப்பிலிருந்து அதையும் எடுத்துக் காட்டினார். எக்ஸிபிட் 10 ஒப்பந்தம், அதாவது பயிற்சி முகாமுக்கு அழைக்கப் போடும் ஒப்பந்தம். மேலே பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒரு தொகை அழகாக அச்சாகியிருந்தது. எவ்வளவு தொகைக்கு உத்தரவாதம் என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தத்தில் விடை: பூஜ்யம். அக்டோபரில் அணி அவனை விடுவித்தபோது மேலே இருந்த எண் காற்றோடு போயிற்று.

இதே காகிதம், இதே கேள்வி, வேறு வேறு முகங்கள். வருடா வருடம் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது ஒன்றே ஒன்றுதான். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டான் என்றதும் ‘கோடீஸ்வரன் ஆகிவிட்டான்’ என்று சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், நம் தமிழ் வாட்சப் குழுக்கள் வரை அறிவித்துவிடுகிறார்கள். ஐயா, பெயர் கொடுப்பது ஒரு விண்ணப்பம். அவ்வளவுதான். 2021ல் தானாகத் தகுதி வரும் முன்பே விண்ணப்பித்தவர்கள் 353 பேர். டிராஃப்டில் இருப்பதோ இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 இடம். அந்த இடங்களுக்கு நாலு வருடம் படித்து முடித்தவர்களும் போட்டி, ஐரோப்பாவில் பதினேழு வயதிலேயே சம்பளத்துக்கு ஆடியவர்களும் போட்டி. அணிகள் விதிமீறலுக்காக இடங்களை இழந்ததில் 2022 முதல் மூன்று ஆண்டுகள் 58 இடம்தான் இருந்தது.

சரி, தேர்வாகிவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் ஒன்றல்ல. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு எந்த இடத்துக்கு எவ்வளவு என்று அட்டவணையே உண்டு. இரண்டு வருடச் சம்பளம் உறுதி, மூன்றாவது நான்காவது வருடம் அணியின் விருப்பம். (1994ல் கிளென் ராபின்சன் என்ற புதுமுகம் பத்து கோடி டாலர் கேட்டு, கடைசியில் 6 கோடியே 80 லட்சத்துக்குக் கையெழுத்திட்டார். அணி முதலாளிகளுக்குத் தூக்கம் போனது. மறுவருடம் அட்டவணை வந்துவிட்டது.) இரண்டாம் சுற்றில் அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. பேசி வாங்கிக்கொண்டால் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெயர் நினைவிருக்கும்: சத்னாம் சிங். 2015ல் டல்லாஸ் அணி அவரை 52வது ஆளாக எடுத்தபோது இந்தியாவே கொண்டாடியது. என்.பி.ஏ.வில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவருடைய உழைப்பைக் குறைசொல்லவில்லை. 52வது இடம் என்றால் என்ன என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கும் கீழே டூ-வே ஒப்பந்தம். பாதி நேரம் மேலே, பாதி நேரம் ஜி லீக்கில். சம்பளம், புதுமுகத்துக்கான குறைந்தபட்சத்தில் பாதி. 2024-25ல் அது 5,78,577 டாலர். மோசமில்லை. ஆனால் ஓர் அணிக்கு மூன்றே பேர். அதுவும் கிடைக்காதவனுக்கு ஜி லீக் சம்பளம், ஒரு சீசனுக்கு நாற்பதாயிரம் டாலரை ஒட்டி. இங்கே அமெரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேரும் பள்ளி ஆசிரியர் பல இடங்களில் அதைவிட அதிகம் வாங்குகிறார்.

இப்போது உண்மையிலேயே மேலே போய்விட்ட பையனின் கணக்கையும் போட்டுவிடலாம், ஏனென்றால் இங்கேயும் யாரும் கேட்பதில்லை. முதல் சுற்றின் கடைசிப் பகுதி, வருடத்துக்கு 25 லட்சம் டாலர் என்று வையுங்கள். மத்திய வருமான வரியின் உச்சப் படி 37 சதவீதம். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் தனி. மாநில வரி: டெக்சாஸ், ஃபுளோரிடாவில் இல்லை, கலிஃபோர்னியாவில் உச்சம் 13.3 சதவீதம். டெக்சாஸ் அணியில் இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் போய் ஆடிவிட்டு வந்தால் அந்த நாள்களின் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா கை நீட்டும். ஒரே வீரருக்காகப் பத்துக்கு மேற்பட்ட மாநிலங்களில் படிவம் போடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். பிறகு முகவர் கமிஷன், உச்சவரம்பு 4 சதவீதம். 2018 முதல் அதை மத்திய வரியில் கழிக்கவும் முடியாது. (இதை நான் சொல்லும்போது நம்பாமல் முகவரிடமே போய்க் கேட்டவர்கள் உண்டு.) அதற்கு மேல் லீக் பத்து சதவீதத்தைப் பிடித்து வைக்கும். வீரர்களின் மொத்தச் சம்பளம், லீக் வருமானத்தில் ஒப்பந்தப்படி அவர்களுக்கு உள்ள பங்கைத் தாண்டினால் அது முழுதாகத் திரும்பாது. எல்லாம் போக 25 லட்சத்தில் கையில் நிற்பது பாதிக்கும் குறைவு. பெரிய பணம்தான். ஆனால் அம்மாவுக்கு வீடு, மாமாவுக்கு வண்டி, நண்பர்கள் நாலு பேருக்குச் சாப்பாடு என்று வாக்குக் கொடுத்ததெல்லாம் 25 லட்சத்தை நம்பி. வரவு ஒரு தொகை, வாக்கு இன்னொரு தொகை.

இவ்வளவு சொன்னதும், “அப்படியானால் படிப்பை விடவே கூடாது என்கிறீர்களா சார்?” என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் எனக்கு ஒவ்வாது. சீக்கிரம் போவது வீரனின் உரிமை. அதற்காகவே ஸ்பென்சர் ஹேவுட் என்ற வீரர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1971ல் வென்றார். பள்ளியிலிருந்தே நேராகப் போன கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் யாரும் கெட்டுப்போகவில்லை. 2006 முதல்தான் பத்தொன்பது வயதும் பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆகவேண்டும் என்ற விதி. 2025ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடிவிட்டு முதல் ஆளாகத் தேர்வான கூப்பர் ஃபிளாக்கைப் பார்த்து ‘டிகிரி முடிச்சிட்டுப் போப்பா’ என்று சொன்னால் அது அறிவுரை இல்லை, வயிற்றெரிச்சல். முழங்கால் ஒன்றுதான் அவர்களுடைய மூலதனம். அது தாங்கும்போதே சம்பாதிக்க வேண்டும். படிப்பு காத்திருக்கும். மூன்றாம் ஆண்டோடு டேவிட்சன் கல்லூரியை விட்ட ஸ்டெஃபன் கரி 2022ல் பட்டத்தை முடித்தார். ஜேலன் பிரன்சன் இன்னும் கெட்டிக்காரர், மூன்றே வருடத்தில் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வில்லனோவா பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். எடுக்கப்பட்டது 33வது ஆளாக, இன்று எங்கே இருக்கிறார் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்.

என் சண்டை, எந்த இடத்தில் எடுப்பார்கள் என்று தெரியாமலேயே வெளியேறுவதோடு. தெரிந்துகொள்ள வழியில்லையா? இருக்கிறது, காசும் கேட்பதில்லை. லீக்கின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்டால் அணி நிர்வாகிகளின் கருத்தைத் திரட்டிச் சொல்வார்கள்: முதல் சுற்றா, இரண்டாவதா, எடுக்கவே மாட்டார்களா என்று. மேலே சொன்ன பிள்ளைக்கும் வந்தது. ‘எடுக்கப்பட வாய்ப்பில்லை’ என்றுதான் வந்தது. “அதெல்லாம் சும்மா, ஒரு அணி ஒர்க்-அவுட்டில் (ஆளைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சியில்) இவனை ரொம்பப் புகழ்ந்தது” என்று மாமா அதைக் குப்பையில் போட்டார். ஒர்க்-அவுட்டில் எல்லோரையும்தான் புகழ்வார்கள். ஏன் திட்டவேண்டும்?

ஸாக் ஈடி என்ன செய்தார் பாருங்கள். 2023ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். பெயர் கொடுத்தார், சோதித்துப் பார்த்தார், பெயரைத் திரும்பப் பெற்று பர்டூ பல்கலைக்கழகத்துக்கே போனார். மறுவருடம் இறுதிப் போட்டிவரை ஆடி, 9வது ஆளாக மெம்ஃபிஸுக்குப் போனார். கல்லூரியில் சூரப்புலி என்பதால் மேலே எடுப்பார்கள் என்றும் இல்லை. 2022ல் அதே விருதை வாங்கிய ஆஸ்கர் ஷீப்வேயை 2023 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை.

இன்னொரு மாற்றம், பல குடும்பங்களுக்கு மண்டையில் ஏறவேயில்லை. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு வரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ‘வீட்டில் கஷ்டம், அதனால் கிளம்பினான்’ என்பது பத்து வருடத்துக்கு முன் நியாயமான காரணம். இன்று இரண்டாம் சுற்று விளிம்பில் நிற்கும் பையனுக்குக் கல்லூரியிலேயே டூ-வே சம்பளத்துக்கு மேல் கிடைக்கக்கூடும். பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள்: 2021ல் 353 ஆக இருந்த விண்ணப்ப எண்ணிக்கை 2025ல் 106. மாமாக்கள்தான் இன்னும் பழைய கணக்கில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கல்லூரிப் பணம் சம்பளம் போல வராது என்பதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். 1099ல் வருவது முழுத்தொகை. வரி பிடித்தம் இல்லை. சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி. பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டு, அந்தக் கணக்கின் அட்டையை அம்மாவிடம் கொடுங்கள். மாமாவிடம் வேண்டாம். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நாலு முறை கட்டவேண்டும்.

மற்றவை சுருக்கமாக. மதிப்பீடு வராமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். முகவரை வைத்துக்கொள்ளலாம், 2018லிருந்து என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) சான்று பெற்றவர் என்றால், மதிப்பீடும் கேட்டிருந்தால், கல்லூரிக்குத் திரும்பும் தகுதி போகாது. சான்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர் சொல்வதை நம்பாதீர்கள். பெயரைத் திரும்பப் பெறக் கடைசித் தேதி இரண்டு உண்டு, அதில்தான் பலர் விழுகிறார்கள். டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு வருவது என்.பி.ஏ.வின் கெடு. கல்லூரிக்குத் திரும்ப வேண்டுமானால் அது செல்லாது, என்.சி.ஏ.ஏ. கெடு அதற்கும் முன்னால், சிகாகோவில் நடக்கும் கம்பைன் என்ற வீரர் சோதனை முகாம் முடிந்த பத்தாம் நாள். அதைத் தவறவிட்டு ஜூன் மாதம் ‘மனசு மாறிட்டோம்’ என்று வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பயிற்சியாளராலும் முடியாது. ஜி லீக்கில் ஆடியவர்கள் சிலருக்கு அண்மையில் கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது என்று செய்தியை அனுப்புகிறீர்கள். விதிகள் இப்போது வழக்குக்கு வழக்கு மாறுகின்றன. அதை நம்பிக் குதிக்காதீர்கள். பாடங்களை அரையாண்டு நடுவில் அம்போவென்று விடாதீர்கள், ஏப்ரலில் பெயர் கொடுத்துவிட்டு மே தேர்வுக்குப் போகாமல் இருப்பது சுத்த முட்டாள்தனம். பிறகு திரும்பி வந்து முடிக்க நினைக்கும்போது அந்த எஃப்-கள்தான், அதாவது தோல்வி மதிப்பெண்கள்தான் குறுக்கே நிற்கும்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால், மேலே இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்கும் முன் உத்தரவாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். புரியவில்லையா, கையெழுத்துக்கு முன்பு காட்டுங்கள். முகவருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

கடைசியாக, ஊரிலிருந்து மின்னஞ்சல் போடும் பெற்றோருக்கு. பிள்ளை எஃப்-1 மாணவர் விசாவில் உதவித்தொகையோடு இங்கே ஆட வருகிறான் என்றால் மேலே சொன்ன விளம்பர வருமானக் கதை அவனுக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்க மண்ணில் அப்படிச் சம்பாதிப்பது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு விசாவுக்கே உலை வைக்கலாம். காங்கோவிலிருந்து வந்த ஷீப்வே, அவருடைய கல்லூரி அணி 2022ல் பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார். உள்ளூர்க் கடைக்காரர் நூறு டாலர் கொடுத்து இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போடச் சொன்னாலும், முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ‘ஃபிரெண்டு செய்யலாம்னு சொன்னான்’ என்பதை நான் எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.