இணைப்பு அறுந்தால் நிரல் ஏன் நிற்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருவாரூரிலோ வேதாரண்யத்திலோ உட்கார்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. விடிய விடிய ஓடவேண்டிய நிரலைத் தொடங்கியிருப்பார்கள். மழை வலுக்கும், மின்சாரம் போகும், ரவுட்டர் அணையும். மறுபடியும் உள்நுழைந்து பார்த்தால் நிரலைக் காணோம். சென்னை சர்வரோ ஒரு நொடிகூட நிற்கவில்லை. அப்படியானால் நிரலை நிறுத்தியது யார்?

விடை, உள்நுழையும் முறையிலேயே இருக்கிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் ஓடிய பழைய கணினியில், ஒவ்வொரு முனையத்தின் (திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) முன்னும் ‘கெட்டி’ என்ற சிறு நிரல் காத்திருக்கும். பெயரைத் தட்டியதும் அது ‘லாகின்’ நிரலாக உருமாறும். கடவுச்சொல் சரியாக இருந்தால் லாகின், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ‘ஷெல்’ நிரலாக உருமாறும். புதிதாக எதுவும் பிறப்பதில்லை. ஒரே செயல்முறைதான் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இப்படிப் பெயர்) வரிசையாக வேறு வேறு நிரல்களை ஏற்றிக்கொள்கிறது. லாகின் ஓடும்போது அதற்கு நிர்வாகியின் முழு அதிகாரம் உண்டு. ஷெல்லாக மாறுமுன் அந்த அதிகாரத்தைத் துறந்து, உங்கள் பயனர் எண்ணை ஏற்றுக்கொள்கிறது. துறந்ததைத் திரும்பப் பெற முடியாது. யூனிக்ஸின் பாதுகாப்பில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

கடவுச்சொல்லைக் கணினி அப்படியே எழுதி வைப்பதில்லை. அதனுடன் தற்செயலான சில எழுத்துகளைக் கலந்து, திருப்பிக் கணக்கிட முடியாத ஒரு குறியீடாக்கிச் சேமிக்கிறது. நீங்கள் தட்டுவதையும் அதேபோல் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கிறது.

தொலைவிலிருந்து நுழைவதற்கு முன்பு டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல் மறைப்பின்றி வலையமைப்பில் போகும். இடையில் ஒட்டுக்கேட்பவர் படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு திருட்டு நடந்ததையடுத்து, 1995-இல் டாட்டு உலோனென், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். சர்வரில் 22-ஆம் போர்ட்டில் (வலையமைப்பு அழைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கும் எஸ்எஸ்எச் நிரல், அழைப்பு வந்ததும் தன் பிரதி ஒன்றைப் பிரித்து அந்த அழைப்பை அதனிடம் ஒப்படைக்கும். இரு கணினிகளும் ரகசியச் சாவியை அனுப்பாமலேயே, தத்தம் பக்கத்தில் அதே சாவியைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. முதல் தடவை இணையும்போது சர்வரின் ‘கைரேகை’, அதாவது அதன் அடையாளக் குறியீடு, திரையில் தோன்றும். பலர் படிக்காமலே சம்மதம் தெரிவித்துவிடுகிறார்கள். நீங்கள் பேசுவது உண்மையான சர்வருடன்தானா என்று சோதிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. நிர்வாகியிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நிரலின் கதைக்கு வருவோம். தொலைவிலிருந்து நுழைபவருக்கு நிஜ முனையம் கிடையாது. அதனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் ஒரு போலி முனையத்தை உருவாக்கித் தருகிறது. அதன் ஒரு முனை எஸ்எஸ்எச் நிரலிடம், மறுமுனை ஷெல்லிடம். நீங்கள் உள்நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை உள்ளது ஒரு அமர்வு; ஷெல்தான் அந்த அமர்வின் தலைவர். நீங்கள் தொடங்கும் நிரல்கள் அதன்கீழ் வரும். இணைப்பு போய்விட்டதை எஸ்எஸ்எச் உணர்ந்ததும் (இதற்குச் சில நிமிடங்களோ அதற்கும் மேலோ ஆகலாம்) தன் முனையை மூடுகிறது. உடனே கெர்னல் அமர்வின் தலைவருக்குத் துண்டிப்புச் சமிக்ஞை அனுப்புகிறது; ஷெல் அதைத் தன் நிரல்களுக்கும் கடத்துகிறது. அந்தச் சமிக்ஞைக்கு வேறு ஏற்பாடு செய்யாத நிரல் மடிந்துவிடும்.

இது குறைபாடு அல்ல. தொலைபேசி மோடம் வழியாக நுழைந்த காலத்தில், பாதியில் அறுந்த அமர்வு திறந்தே கிடந்தால், அடுத்து அழைப்பவர் முந்தையவரின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவார். அதைத் தடுத்தது இந்த ஏற்பாடுதான்.

தப்பிக்க வழி உண்டு. ‘நோஹப்’ என்ற கட்டளை மூலம் தொடங்கிய நிரல் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. ஆனால் நான் பரிந்துரைப்பது ‘டிமக்ஸ்’ என்ற நிரலை. அது சர்வரிலேயே தனி அமர்வும் தன் சொந்தப் போலி முனையங்களும் வைத்துக்கொள்கிறது. நிரல் அதற்குள் ஓடும். ரவுட்டர் அணைந்தால் மடிவது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இணைப்பு மட்டுமே. மின்சாரம் வந்தபின் உள்நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ என்று தட்டினால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும் அதே திரை வந்து நிற்கும். சர்வரே மறுதொடக்கம் ஆனால் டிமக்ஸும் உதவாது; நீண்ட கணக்குகளில் இடைக்கால முடிவுகளை அவ்வப்போது வட்டில் எழுதும்படி நிரலை அமைத்துவிடுங்கள்.