மானாவாரி மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) ஒரே ஒரு தண்ணிதான் இருக்குன்னா எப்போ விடுவீங்க?

ஆடிப்பட்டத்துல மல்லாட்டை போட்டவங்க கிட்ட இருந்து ஆவணி கடைசில வர்ற போன் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், "சார் செடி வாடுது, குட்டைல கொஞ்சம் தண்ணி கெடக்குது, விட்டுடலாமா?"ன்னு. நான் திருப்பிக் கேக்குறது விதைச்சு எத்தினி நாள் ஆச்சுன்னு மட்டும்தான்.

பூ எடுக்குறதுக்கு முன்னாடி செடி கொஞ்சம் காய்ஞ்சா பதறாதீங்க, வேர் ஈரத்தைத் தேடிக் கீழ போகும், அது நல்லதுதான். 25, 30 நாள்ல பூ வந்து, 40 நாளுக்கு மேல ஊசி (பூவுல இருந்து மண்ணுக்குள்ள இறங்குற விழுது) இறங்கி காய் புடிக்குது பாருங்க, அப்போ மழை ஏமாத்துச்சுன்னாதான் மகசூல் போகுது. போன வருஷம் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் ஒரு மேட்டுக் கொல்லில செடியைப் புடுங்கிப் பாத்தோம், மேல பச்சையா ஒரு குறையும் இல்ல, ஆனா ஊசி எல்லாம் இறுகிப்போன செம்மண்ண முட்டிட்டு நுனி கருகி நிக்குது. இலைய மட்டும் பாத்து தண்ணி விடுறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொண்ணு ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ, 40ல இருந்து 45 நாளுக்குள்ள போட்டு மண்ணு அணைக்கிறோம், செலவும் பண்றோம், ஆனா அந்த சுண்ணாம்புச் சத்தை காய் நேரா சுத்தி இருக்கிற மண்ணுல இருந்துதான் எடுத்துக்கும், மேல்மண்ணு காய்ஞ்சு கெடந்தா ஜிப்சம் கரையாம சும்மா கெடக்கும், கடைசில பொக்குக் காய்தான் மிஞ்சும். அதனால ஜிப்சம் போட்டு மண்ணு அணைச்சும் மழை வரலன்னா, வெச்சிருக்கிற தண்ணிய அப்போ விடுங்க.

எவ்ளோ விடணும்? ஏக்கருக்கு 40 மில்லிமீட்டர் மழை அளவுக்கு விட்டாலே சுமார் 1,60,000 லிட்டர் ஆகும். 20க்கு 20 மீட்டர்ல ஒன்றரை மீட்டர் ஆழம் பண்ணைக்குட்டை, கரை சரிவு போக 5 லட்சம் லிட்டர் கிட்ட புடிக்கும், ஆனா நம்ம செம்மண்ணுல ஷீட் போடலன்னா பாதி பூமியே குடிச்சிடும். வாய்க்கால்ல பாய்ச்சாதீங்க, தலைமாட்டுலயே தீந்துடும். மழைத்தூவானோ (ரெயின் கன்) ஸ்பிரிங்ளரோ வெச்சு, காத்து அடங்கின நேரமா பாத்து விடுங்க. சிறு, குறு விவசாயிக்கு இந்தக் கருவிகளுக்கு 100 சதவீதம் மானியம் இருக்கு, தோட்டக்கலை, வேளாண்மை ஆபீஸ்ல கேட்டு எழுதிப் போடுங்க.

குட்டைல இன்னும் மிச்சம் இருந்தா அறுவடைக்கு மூணு வாரம் முன்னாடி இன்னொரு தடவை. கடைசி கட்டத்துல காய்ஞ்சாதான் காய்ல பூஞ்சாணம் புகுந்து அஃப்ளாடாக்ஸின்ங்கிற நஞ்சு வருது, அந்தப் பருப்பு எண்ணெய்க்கும் ஆகாது, மாட்டுப் புண்ணாக்குக்கும் ஆகாது.

பக்கத்துக் கொல்லில எள்ளு இருந்தா அதுக்கும் இதே அளவு விட்டுடாதீங்க, தண்ணி தேங்கி நின்னா வேர் அழுகி செடி விழுந்துடும்.