510510: ஏழு பகா எண்கள் குடியிருக்கும் எண்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவை அடைந்தால், தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டுகள் கேரளக் கடைகளில் இன்றும் விற்கப்படுவதைக் காணலாம். அவற்றின் ஆறிலக்க எண்களில் எதற்கும் குலுக்கலில் தனிச் சலுகை இல்லை. கணிதத்தில் அப்படியல்ல, ஆறிலக்க எண்களுள் 510510க்கே நான் முதலிடம் தருவேன்.

மூன்றிலக்க எண்ணொன்றை அடுத்தடுத்து இருமுறை எழுதுவது அதை 1001ஆல் பெருக்குவதற்குச் சமம். 1001 என்பது 7×11×13 ஆதலால், 234234 ஆனாலும் 678678 ஆனாலும் இவ்வகை எண் எதுவும் அம்மூன்றாலும் மீதியின்றி வகுபடும். 510இன் பகாக் காரணிகளோ 2, 3, 5, 17. ஆகவே 510510 = 2×3×5×7×11×13×17; முதல் ஏழு பகா எண்களும் இதில் ஒவ்வொரு முறை மட்டுமே வருகின்றன. முதல் சில பகா எண்களை விடாமல் பெருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் வரிசையில் ஆறிலக்கம் கொண்டது இது ஒன்றுதான்.

ஏழில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், இதற்கு 128 வகுத்திகள் உண்டு. அந்த ஏழையும் இரு கூறாகப் பிரித்து, 2×3×7×17 = 714 என்றும் 5×11×13 = 715 என்றும் பெருக்கினால் அடுத்தடுத்த எண்கள் கிடைப்பதோடு, ஒவ்வொரு கூறிலும் உள்ள பகா எண்களின் கூட்டுத்தொகையும் 29 ஆகவே அமைகிறது. அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை மற்றொரு வீரரான ஹாங்க் ஆரன் 1974இல் முறியடித்தபோது கவனத்துக்கு வந்ததால், இத்தகைய இணைகளுக்கு ரூத்–ஆரன் இணைகள் என்று பெயர்.

பகா எண்களைத் தேடுவோருக்கு இதன் பயன் பெரிது. 1 முதல் 510510 வரையுள்ள எண்களில் அந்த ஏழு பகா எண்களில் எதனாலும் வகுபடாதவை 1×2×4×6×10×12×16 = 92160 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 18 விழுக்காடு. எஞ்சியவை நிற்கும் இடங்களின் ஒழுங்கு அடுத்த 510510 எண்களிலும், அதற்கடுத்தவற்றிலும் மாறாமல் திரும்ப வருவதால், கணினி நிரலொன்று அதை ஒருமுறை குறித்துக்கொண்டால் 82 விழுக்காட்டு எண்களைச் சோதிக்காமலேயே தள்ளிவிடலாம்.

இதனுடன் ஒன்றைக் கூட்டினால், அந்த ஏழில் எதைக் கொண்டு வகுத்தாலும் 1 மீதி வரும். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் நிறுவியது இந்த வழியில்தான். கூட்டி வருவது தானே பகா எண்ணாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. 510511 = 19×97×277. யூக்ளிடின் வாதத்துக்குத் தேவை பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் மட்டுமே. இங்கு மூன்று கிடைக்கின்றன.

510 இருமுறை வருவது நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் தோன்றும் அழகு. ஏழு காரணிகளோ எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறா. அடுத்த பகா எண்ணான 19ஆல் பெருக்கினால் 9699690 வரும். அங்கே அந்த இரட்டிப்பு மறைந்துவிடுகிறது, பகா எண்களின் வரிசை மட்டும் எட்டாகத் தொடர்கிறது.