சோலார் போடலாமா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

வீடுகளுக்கு சோலார் அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சார், 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியமாமே, நாங்களும் போட்டுடலாமா?" யாரும் சொல்லாமல் விடுகிற தகவல், இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது. பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நிழல் விழாத வரை, பேனல் யார் வீட்டுக் கூரையில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மின்சாரம் தரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட், அதாவது ஒரு பில் சுற்றுக்கு 240 யூனிட். ஆனால் அந்த யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறும், ஒவ்வொரு படியும் ஒரு ஸ்லாப். சோலார் வந்ததும் பில்லில் முதலில் குறைவது மேல் ஸ்லாப் யூனிட்டுகள். அந்த ஸ்லாபின் விலை என்னவோ, அதுதான் உங்கள் லாபம்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கணக்குப் போட அந்த விகிதங்கள் சுலபம். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100க்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகும். 500க்கு மேலே போகப் போக 8, 9, 10, கடைசியில் 1000க்கு மேல் 11 ரூபாய்.

இப்போது 400 யூனிட் ஓடும் ஒரு வீடு. பில் 1,125 ரூபாய். இவர் 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் வரும், பில் பூஜ்யம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செலவு சுமார் 1,40,000 என்று வைத்து 60,000 மானியம் கழித்தால் கையிலிருந்து 80,000. வருடத்துக்கு மிச்சம் 6,750. போட்ட காசு திரும்ப ஏறக்குறைய 12 வருடம். காரணம் என்ன? அரசு சும்மா கொடுத்துக்கொண்டிருந்த 100 யூனிட்டையும் இவர் சொந்தக் காசில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார். மிஞ்சுகிற யூனிட்டுக்கும் ஆண்டுக் கடைசியில் சொற்ப விலைதான்.

இதே வீட்டில் 1 கிலோவாட் மட்டும் போட்டால்? கையிலிருந்து சுமார் 45,000. பில் 135 ரூபாயாகக் குறையும். வருடத்துக்கு 5,940 மிச்சம், ஏழரை வருடத்தில் காசு வந்துவிடும். "ஜீரோ பில்" என்ற விளம்பரத்துக்காக இரண்டாவது கிலோவாட்டுக்குப் போடுகிற பணம் வருடத்துக்கு 810 ரூபாய்தான் சம்பாதிக்கிறது. இதை எந்த கொட்டேஷனும் சொல்லாது. எங்கள் தொழிலில் பெரிய சிஸ்டம் விற்றால்தான் வருமானம்.

அடுத்து, இரண்டு ஏசி ஓடி 1,100 யூனிட் காட்டும் வீடு. பில் 7,650. 3 கிலோவாட்டில் 720 யூனிட் குறைந்து 380க்கு வந்து நின்றால் பில் 1,035. 2.25 சலுகைகூட இவருக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது! இரண்டு லட்சம் செலவில் 78,000 மானியம் போக, மூன்று வருடம் கொஞ்சம் கூடுதலில் மொத்தப் பணமும் வந்துவிடும். ஒரு யூனிட்டுக்கு இவருக்கு 9 ரூபாய்க்கு மேல் லாபம், 2 கிலோவாட் போட்ட முதல் வீட்டுக்காரருக்கு 2.35 கூட இல்லை. நெட் மீட்டர் (லைனுக்குப் போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) செலவு, மின்வாரியத்தின் சில்லறைக் கட்டணங்களை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது.

100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு சோலாரால் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அப்படி வருபவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தனி வீட்டுக் கணக்கைத் தாண்டினால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. மேல் ஸ்லாப் காரர்கள் கொடுக்கிற கூடுதல் விலையும் அரசு தரும் மானியமும் சேர்ந்துதான் கீழ் ஸ்லாபை மலிவாக வைத்திருக்கின்றன. சோலார் போட முதலில் ஓடி வருபவர்களும் அந்த மேல் ஸ்லாப் காரர்கள்தான். அதாவது வாரியத்தின் நல்ல வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், அதுவும் மானியத்தோடு. ஆனால் கம்பி, டிரான்ஸ்பார்மர், ராத்திரி மின்சாரம் எல்லாம் அவர்களுக்கும் வேண்டும். சூரியன் இறங்கிய பிறகு ஏசி ஓடும்போது வாரியம் வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கித் தர வேண்டியிருக்கிறது. கோடை இரவுகளுக்கு மொட்டை மாடி பேனலால் உதவி கிடையாது.

அதனால் சோலார் தப்பு என்று சொல்லவில்லை. சோலார் மின்சாரத்தின் விலை விழுந்த வேகத்தைப் பாருங்கள்: 2016இல் தொடங்கிய கமுதி சோலார் நிலையத்தின் மின்சாரம் யூனிட் 7.01 ரூபாய்க்கு ஒப்பந்தமானது, 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99க்கு வந்துவிட்டது. பகல் மின்சாரம் மலிவாகிவிட்டது. அதை மாலைக்குத் தள்ளுவதுதான் இனிச் செலவு. என் பார்வையில், மானியத்தில் ஒரு பகுதி இனி பேட்டரிக்குப் போக வேண்டும். இன்னொரு பகுதி சின்ன வீடுகளுக்கு. 100 யூனிட் வீட்டுக்கூரையில் பேனல் வைத்தால் லாபம் வீட்டுக்காரருக்கு இல்லை, அந்த இலவச யூனிட்டுக்கு வருடாவருடம் பணம் கட்டும் மாநில அரசுக்கு. அப்படியானால் செலவையும் அரசோ வாரியமோ ஏற்பதுதான் நியாயம். வாரியமே பல வீடுகளைச் சேர்த்து அமைத்துக் கொடுக்கும் முறைக்கு சூர்ய கர் விதிகளிலேயே இடம் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சிஸ்டம், அதாவது வாரிய லைனோடு இணைந்து ஓடுவது, லைன் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அப்புறம் நிழல். பக்கத்து வீட்டுத் தென்னை மரமோ நம் தண்ணீர்த் தொட்டியோ மதியம் எங்கே நிழல் போடுகிறது என்று பார்க்காமல் கொட்டேஷன் கொடுப்பவரை நம்ப வேண்டாம். மானியம் வேண்டுமானால் பேனலும் அதன் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். மலிவு கொட்டேஷனில் வேறு பேனல் ஒளிந்திருக்கலாம், எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால், பழைய கொட்டேஷன் கையில் இருந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும் ஒரு வருடத்து பில் ஆறையும் எடுத்து வையுங்கள். ஏப்ரல்-மே பில்லை மட்டும் காட்டி சிஸ்டம் முடிவு செய்தால், டிசம்பரில் மிஞ்சுகிற யூனிட்டை வாரியத்துக்குத் தாரை வார்ப்பீர்கள். ஆறு பில்லிலும் 500க்குக் கீழேதான் இருக்கிறீர்கள் என்றால் 1 கிலோவாட்டுக்கு மேல் பேசுபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள்.